மடக்கை அட்டவணையிலிருந்து மடிக்கணினிக்கு

தமிழ்நாட்டில் 1970களில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு மெல்லிய புத்தகம் இருக்கும். கிளார்க் டேபிள். மடக்கை, எதிர்மடக்கை, சைன், காஸ் என்று பக்கம் பக்கமாக எண்கள். பியூரெட்டில் கிடைத்த அளவுக்கு மடக்கையைத் தேடி, கூட்டி, கழித்து, எதிர்மடக்கை பார்த்தால்தான் கரைசலின் நார்மாலிட்டி கைக்கு வரும். நான்கு இலக்கத்துக்கு மேல் அந்த அட்டவணை தராது. தசமப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதையும் அது சொல்லாது. அதை மாணவர்தான் முடிவு செய்ய வேண்டும். 0.1 நார்மலை ஒட்டி இருக்க வேண்டிய கரைசலுக்கு 1.02 என்று விடை வந்தால், எங்கோ இடறிவிட்டோம் என்று அவருக்கே உடனே தெரிந்துவிடும்.

இன்று அதே சோதனையைச் செய்யும் மாணவி செல்பேசியில் எண்களைத் தட்டுகிறாள். 0.10238095 என்று வருகிறது. அத்தனை இலக்கத்தையும் அப்படியே ரெக்கார்டு நோட்டில் ஏற்றிவிடுகிறாள். பியூரெட்டில் அவளால் படிக்க முடிந்தது மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மிச்ச இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சிரிப்பாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் தாத்தா காலத்தில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற கணினியைவிடப் பல மடங்கு வேகமான ஒன்று அவள் கையில் இருக்கிறது. அதை வைத்து வேதியியலில் என்ன செய்யலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேதியியலும் கணினியும் சேர்ந்ததால் இந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் விளைந்த மாற்றம் மிகப் பெரியது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆய்வுக்கூடங்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. வகுப்பறைக்கு அது அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

குடுவையும் சோதனைக்குழாயுமாக இருக்கும் படிப்புக்கு இவ்வளவு கணக்கு எதற்கு? 1926-இல் ஷ்ரோடிங்கர் எலக்ட்ரான்களின் நடத்தையை விவரிக்கும் தன் சமன்பாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஹைட்லரும் லண்டனும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதை அதை வைத்து விளக்கிக் காட்டினார்கள். வேதியியல் முழுமைக்கும் வேண்டிய அடிப்படை விதிகள் தெரிந்தாகிவிட்டன, அவற்றிலிருந்து எழும் சமன்பாடுகள் தீர்க்க முடியாத அளவு சிக்கலாக இருப்பதுதான் தொல்லை என்று 1929-இல் இயற்பியலாளர் டிராக் எழுதினார். பாராட்டா, கிண்டலா என்று வேதியியலாளர்கள் குழம்பியிருக்கக்கூடும். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டே எலக்ட்ரான்கள். பென்சீனில் 42. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டே இருப்பதால், தாளும் பேனாவும் வைத்துத் துல்லியமான விடையைப் பிடிக்க வழியே இல்லை. தோராயம்தான் கதி. அந்தத் தோராயத்துக்கும் மலைமலையாகக் கணக்குப் போட வேண்டும்.

போட்டார்கள். சிகாகோவில் மல்லிக்கனின் ஆய்வுக்குழுவில் ஷெர் என்பவர், இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுக்கான கணக்கை மாதக்கணக்கில் மேசைக் கணக்கு இயந்திரத்தில் போட்டு 1955-இல் வெளியிட்டார். நாம் மூச்சில் இழுத்து அப்படியே வெளியே விடுகிற நைட்ரஜன்தான். 1959-இல் மல்லிக்கனும் ரூத்தானும் அதே கணக்கைக் கணினியில் 35 நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று அறிவித்தார்கள். படிகவியலில் நடந்ததும் இதுதான். டோரதி ஹாட்ஜ்கின் பென்சிலின் அமைப்பைக் கண்டறிந்த 1940களில் துளை அட்டை இயந்திரங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். வைட்டமின் பி12-க்கு வந்தபோது அதுவும் போதவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ட்ரூபிளட் என்பவரின் பொறுப்பில் கணினியில் கணக்கு நடந்தது. ஹாட்ஜ்கின் இருந்த ஆக்ஸ்ஃபோர்டுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே கடிதமும் தந்தியும் பறந்தன. 1964-இல் ஹாட்ஜ்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கூட்டை எல்லோரும் வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். குவாண்டம் வேதியியலாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டிருக்கிறார்கள், கணினிக் கட்சி ஒன்று, கணினி வேண்டாக் கட்சி ஒன்று என்று 1959-இல் ஒரு மாநாட்டில் கவலையோடு பேசினார் அவர்களில் ஒருவரான கூல்சன். எண்களைக் குவிப்பவர்கள் வேதியியலை மறந்துவிடுவார்களோ என்பது அவர் அச்சம். இன்றைக்கும் இந்தப் படிப்பின் மையச் சிக்கல் அதுவே என்பது என் எண்ணம்.

நம் ஊர்ப் பங்கு ஒன்று உண்டு, பாடப்புத்தகத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகச் சுருங்கிப்போன பங்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952-இல் இயற்பியல் பேராசிரியராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர். தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் உண்டு என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். அதை ஒட்டி எழுந்த வாதங்களில், அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்க முடியும் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் தேடப் புறப்பட்டது, கொலாஜனைவிடப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் திரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்தது எவ்வளவு இடைவெளி என்று பட்டியல் போட்டார்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் திருப்ப முடிந்த கோணங்கள் இரண்டு: ஃபை, சை. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் மோதுகின்றனவா என்று கணக்கிட்டார்கள். கணினி கிடையாது, மேசைக் கணக்கு இயந்திரம்தான். விடைகளை இரு கோணங்களின் வரைபடமாகப் போட்டார்கள். 1963-இல் வெளியான அந்த வரைபடத்தின் பெரும்பகுதி, சங்கிலி திரும்ப முடியாத வெற்றிடம். சிறு தீவுகள் போலச் சில இடங்களில் மட்டும் அனுமதி. பக்கச்சங்கிலி இல்லாத கிளைசினுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் படிப்பது இதைத்தான்.

பட்டம் என்று ஒன்று தராவிட்டாலும், வேதியியலும் கணக்கீடும் சேர்ந்த கல்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ராமச்சந்திரனின் அந்தத் துறையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணும் கையால் பிறந்ததால், எது முக்கியமான எண், எது வெறும் எண் என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது.

நம் நாட்டுக் கல்வி நிலையங்களுக்குக் கணினி வந்தது மெதுவாகத்தான். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-இல் ஐ.பி.எம். 1620 வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.பி.எம். 370 கணினி நிறுவப்பட்டது 1973-இல். அந்தக் காலத்தில் கணினி வேதியியல் ஆய்வு செய்தவர்கள் நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, 80 பத்தி கொண்ட அட்டைகளில் துளையிட்டு, அட்டைக் கட்டைக் கவுன்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டளை ஏழாவது பத்தியில்தான் தொடங்க வேண்டும். 72-க்கு மேல் போகக்கூடாது. மறுநாள் தாள்சுருள் வரும். பல நாள் அதில் இருப்பது விடை அல்ல, எங்கோ ஒரு காற்புள்ளி விடுபட்டதற்கான வசை. கட்டு கைதவறிக் கீழே விழுந்து வரிசை கலைந்தால் அன்றைய பொழுது போயிற்று. நிரல்கள் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து காந்த நாடாவாகவோ அட்டைகளாகவோ தபாலில் வரும். 1960களில் அங்கே தொடங்கிய குவாண்டம் வேதியியல் நிரல் பரிமாற்ற மையம், கிட்டத்தட்ட அடக்க விலைக்கே உலகெங்கும் நிரல்களை அனுப்பிக்கொண்டிருந்தது. இலவச மென்பொருள் இயக்கம் என்ற பேச்சே எழாத காலம் அது. ஜான் போப்பிளின் குழு கௌசியன் 70 என்ற நிரலை வெளியிட்டதும் அந்தச் சூழலில்தான். போப்பிளுக்கும் வால்டர் கோனுக்கும் 1998-இல் நோபல் பரிசு போனது, வேதியியலுக்காக. கோன் இயற்பியலாளர், போப்பிள் கணிதம் படித்தவர்.

1990களின் நடுவில் நான் எம்.எஸ்சி. படித்தபோது, கணினி எங்கள் பாடத்திட்டத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தது. 'வேதியியலில் கணினி' என்று ஒரு தாள். சி மொழியிலோ பேசிக்கிலோ சில நிரல்கள்: மூலக்கூறு எடை காண, அரை ஆயுட்காலம் காண, வேக மாறிலியை மீச்சிறு வர்க்க முறையில் காண. நிரலை ரெக்கார்டு நோட்டின் வலப்பக்கத்தில் எழுத வேண்டும். வெளியீட்டை இடப்பக்கத்தில், அதையும் கையாலேயே. இருந்த சில கணினிகள் கணினித் துறையின் குளிரூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய சந்நிதியாக இருந்தன. நிரல் சொல்லித் தந்த ஆசிரியருக்கு வேக மாறிலி என்றால் என்னவென்று தெரியாது. வேக மாறிலி சொல்லித் தந்தவருக்குக் கணினியைத் தொடப் பயம். நாங்கள் இரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். அந்தக் கல்லூரியை மட்டும் குறை சொல்ல முடியாது. பல இடங்களில் கதை இதுதான்.

இப்போது கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கௌசியன் வணிக மென்பொருள் ஆகிவிட்டது, சிறு கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் ஆர்கா கல்வித்துறையினருக்கு இலவசம். சை4 யாருக்கும் இலவசம். அவகேட்ரோ என்ற மென்பொருளில் மூலக்கூறைத் திரையில் வரைந்து சுழற்றிப் பார்க்கலாம். சொந்தக் கணினி இல்லாதவர்கூட கூகுள் கோலாபில் பைத்தான் நிரல் ஓட்டலாம். ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கிடைக்கின்றன. ஷெர் மாதக்கணக்கில் போட்ட நைட்ரஜன் கணக்கைச் சாதாரண மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

இங்கேதான் ஆபத்தும். ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் திரவ ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கிறது. இளநிலை மாணவர்கள் எல்லோரும் படிக்கும் செய்தி இது. கணினியிடம் ஆக்சிஜனைக் கொடுக்கும்போது ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பதை, அவற்றின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, நாம்தான் ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். பழக்கதோஷத்தில் 1 என்று போட்டுவிட்டால், மென்பொருள் முணுமுணுக்காமல் எல்லா எலக்ட்ரான்களையும் ஜோடி சேர்த்துவிட்டு, ஆற்றல், பிணைப்பு நீளம், வண்ணப்படம் எல்லாம் தரும். பத்து தசம இடம் வரை துல்லியமாக, முற்றிலும் தவறாக. 3 என்று போட்டிருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கக் கணினி அறிவு உதவாது. மூலக்கூறு ஆர்பிட்டால் பாடத்தை உண்மையாகப் படித்தவருக்குத்தான் அது கண்ணில் படும்.

இன்னொன்று, அசிட்டோன். அதன் அகச்சிவப்பு நிறமாலையில் கார்போனைல் பிணைப்பின் அதிர்வு ஒரு சென்டிமீட்டருக்கு 1715 என்ற அலைஎண் அருகே தெரியும். வழக்கமான அடர்த்திச் சார்பு முறையில் கணினியில் கணக்கிட்டால் அதைவிடக் கூடுதலான எண் வரும். நிறமாலைமானி பழுதா, கணக்கு தவறா? இரண்டும் இல்லை. பிணைப்பை இலட்சியச் சுருள்வில்லாக நினைத்துக் கணக்குப் போடுவதாலும், முறையின் சொந்தக் குறைகளாலும் அந்த உயர்வு வருகிறது. அந்த முறைக்கு ஏறத்தாழ 0.96 என்ற எண்ணால் பெருக்கி ஈடுகட்டுவது வழக்கம். இதை மாணவி தன் கையால் நிறமாலை எடுத்து, தன் கையால் கணக்கும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே பிற்பகலில் புரிந்துவிடும். கணக்கு மட்டும் போட்டால் நம்பிவிடுவாள். நிறமாலை மட்டும் எடுத்தால் எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டு மறந்துவிடுவாள்.

வேகம் எல்லையற்றது என்ற மயக்கமும் கூடாது. மிகத் துல்லியமானது என்று மதிக்கப்படும் இணைகொத்து முறை ஒன்றில், மூலக்கூறின் அளவு இரண்டு மடங்கானால் கணக்கின் சுமை 128 மடங்காகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா போன்ற மீக்கணினிகளுக்கும் இந்தச் சுவர் உண்டு. எங்கே தோராயம் போதும், எங்கே போதாது என்று தேர்ந்தெடுக்கும் வேலை 1955-இல் இருந்தது போலவே இன்றும் மனிதரிடம்தான்.

கணக்கீட்டுக்கு அப்பால் தரவு என்று ஒரு புதிய பக்கம் திறந்திருக்கிறது. மூலக்கூறை எழுத்துச் சரமாக எழுதும் ஸ்மைல்ஸ் முறையை 1980களில் டேவிட் வெய்னிங்கர் உருவாக்கினார். எத்தனாலுக்கு மூன்றே எழுத்து: சி, சி, ஓ. கோடிக்கணக்கான சேர்மங்களை இப்படிச் சேமித்து, ஆர்.டி.கிட் போன்ற இலவச நிரல்தொகுப்பால் சலித்தெடுக்கலாம். ஒரு @ குறி விடுபட்டால் மூலக்கூறின் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஒன்றாகிவிடும். கார்வோனின் ஒரு வடிவம் புதினா மணம், அதன் கண்ணாடிப் பிம்பம் கேரவே விதையின் மணம். அந்தப் பட்டியலில் இரண்டும் ஒரே வரி. இங்கேயும் காவல் காக்க வேதியியல் தெரிந்தவர் வேண்டும்.

புரதங்களின் கதை இன்னும் வியப்பு. புரதத் தரவு வங்கி 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்த அமைப்புகள் 7. இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்தக் குவியலைப் படித்துப் பழகிய ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல், அமினோ அமில வரிசையை மட்டும் வைத்துப் புரதத்தின் வடிவத்தைச் சொல்கிறது. 20 கோடிக்கு மேற்பட்ட கணிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபலை டேவிட் பேக்கருடன் பகிர்ந்துகொண்ட, ஆல்ஃபாஃபோல்டுக்குப் பின்னால் இருந்த டெமிஸ் ஹசாபிஸ் கணினி அறிவியல் படித்தவர், ஒரு காலத்தில் கணினி விளையாட்டு வடிவமைத்தவர். ஆனால் கவனியுங்கள்: புரத அமைப்பு ஒன்றைத் தரவு வங்கியில் சேர்க்கும்போது நடக்கும் சரிபார்ப்பில் இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் உண்டு. சென்னையில் கையால் கணக்கிட்ட தீவுகளுக்கு வெளியே நிறைய புள்ளிகள் விழுந்தால், அந்த அமைப்பின் மேல் சந்தேகம் விழும். செயற்கை நுண்ணறிவு தந்த வடிவமும் இந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

சோதனைக்கூடமே கணினியின் கைக்குப் போகும் காலமும் தொடங்கிவிட்டது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில், 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு நடமாடும் ரோபோ எட்டு நாளில் 688 சோதனைகளைச் செய்து, அடுத்து எதைச் செய்வது என்பதையும் நிரலின் வழியே தானே தேர்ந்துகொண்டது.

இவ்வளவு நடந்த பிறகும் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் கணினி ஒரு சார்புப் பாடம். 'வேதியியல் வித் கணினிப் பயன்பாடு' என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே போனால் வேர்டு, எக்செல், கொஞ்சம் சி மொழி. இரண்டு துறையும் ஒரே வீட்டில் தனிச்சமையல் செய்யும் மருமகள்கள்போல. முதலாண்டோடு கணினித் தாள் முடிந்துவிடும்; மூன்றாம் ஆண்டு இயற்பிய வேதியியல் செய்முறையில் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. செலவு ஒரு காரணமே அல்ல. நான் மேலே சொன்ன அசிட்டோன் பிற்பகலுக்குத் தேவை, பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கும் நிறமாலைமானியும் ஒரு மடிக்கணினியும், இரண்டையும் சேர்த்து விளக்கத் துணிந்த ஓர் ஆசிரியரும்தான். துணிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கொருவர் இங்கொருவராக. தேர்வுமுறை அவர்களுக்கு மதிப்பெண் தருவதில்லை, அவ்வளவே.

ஆகவே கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். பட்டத்தின் பெயரில் கணினி இருக்கிறது என்று மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கணினித் தாளை யார் எடுக்கிறார்கள், அளந்த மூலக்கூறையே கணக்கிட்டும் பார்க்கும் செய்முறை ஒன்றாவது உண்டா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். இல்லை என்றால், நல்ல தரமான பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்து, கணிதத்தைச் சார்புப் பாடமாக எடுத்துக்கொண்டு, பைத்தானைத் தனியாகக் கற்பதே மேல் என்பது என் தீர்ப்பு. அரசு வேலையோ ஆசிரியர் வேலையோ மனதில் இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடினாலும், அது பி.எஸ்சி. வேதியியலுக்கு இணையா என்ற கேள்வி பணி நியமனத்தின்போது எழும். இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன்பே கேட்டு, அரசாணை எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.